விசிலுக்கு முன் வந்த வெள்ளை நாடா

கிளவ்டன்
1897 ஏப்ரல் 25, ஞாயிறு

தம்பி இனாக்குக்கு,

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நேற்றைய கால்பந்து ஆட்டத்தில் உனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை என்று ஜெத்ரோ வந்து சொல்லிவிட்டார். அந்த மழையில், அந்தச் சேற்றில், ஹார்ஸ்பி டவுன் அணியின் கோல் காக்கிற கோலி ஞானஸ்நானத்துக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தானாம். ஊரில் மரச்செருப்புக் கட்டை செதுக்குகிற மனிதர் அவர், வேலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் நம் புறாக் கூடையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி உன்னிடம் வருகிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். வழக்கம்போல மில் விட்டதும் ஆண்கள் எல்லோரும் நம் பின்கட்டில் கூடிவிட்டார்கள். புறா வரும், காலில் சிவப்பு நாடா என்றால் ஜெயித்தோம், கறுப்பு என்றால் தோற்றோம், வெள்ளை என்றால் சமம். முதல் புறா பாதி ஆட்டத்துக்கு, இரண்டாவது முடிவுக்கு. உனக்குத் தெரியாததா? நீ கோலியான நாளிலிருந்து இந்த ஊர் அப்படித்தானே உன் ஆட்டத்தைப் பார்க்கிறது.

கோயில் மணி மூன்று அடிக்கவில்லை. அதாவது உங்கள் ஆட்டத்துக்கு விசில் ஊதவே இல்லை. சாம்பல் நிறப் பெட்டைப் புறா வந்து கூண்டின் மேல் உட்கார்ந்தது. காலில் வெள்ளை நாடா.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். உன் மச்சான் ஆமோஸ், "மாட்ச் முடிஞ்சுபோச்சுப்பா, எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்று கையை விரித்தார். புறா மழைக்குப் பயந்து ஓடி வந்திருக்கும், யாரோ விளையாட்டுக்குக் கட்டியிருப்பார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சாயங்காலம் இரண்டாவது புறா வந்தது. அதன் காலிலும் வெள்ளை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள்.

இருட்டும் நேரத்தில் ஜெத்ரோ வந்தார். ஒரு பயல்கூட கோலை நோக்கி அடிக்கவில்லை என்றார். எதிரணியான கெல்லம்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு உன் எதிரில் வந்து நின்றானாம், நீ பின்னால் போனாயாம், அவனும் பின்னால் போனானாம். இன்னொருவன் கால் வழுக்கி அடித்த பந்து தற்செயலாக உன் பக்கம் உருண்டபோது, அவன் அணிக்காரனே ஓடிப்போய் அதை வெளியே உதைத்தானாம். ஜனங்கள் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுத்தார்களாம். பந்துக்குப் பதில் ஒரு முட்டைக்கோஸை உள்ளே வீசினார்களாம். அதை யாரோ உதைக்க, உன்னை நோக்கி வந்த ஒரே பொருள் அதுதான் என்று நீ எட்டிப் பிடித்தாயாம். கைதட்டினார்களாம்.

எனக்குக் குமட்டுகிறது. தேர்வுச் சுற்றில் ஆடுகிற நாலு அணிகளில் இரண்டுதான் முதல் பிரிவுக்குப் போகும், நீங்களும் கெல்லமும் சமமாக முடித்தால் இரண்டு பேருக்கும் இடம், காஸ்டன் ரோவர்ஸ் வெளியே. இது எனக்கும் தெரியும். என் பக்கத்துத் தறியில் நிற்கிற கெசையா காஸ்டன்காரி, அவள் தம்பியும் அந்த அணியில் ஆடுகிறான். நாளைக் காலை அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

விசிலுக்கு முன்னால் அந்த நாடாவைக் கட்டியது யார்? அதை மட்டும் எழுது.

டார்க்கஸ்

*

ஹார்ஸ்பி
ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

கொஞ்சம் கோபத்தை இறக்கி வை. உன் தம்பி முதல் பிரிவுக்குப் போகிறான்! கிளவ்டனிலிருந்து இதுவரை யாராவது போயிருக்கிறார்களா? முதல் வரியில் ஒரு வாழ்த்தாவது இருக்கும் என்று உறையைப் பிரித்தேன். செருப்படிதான் இருந்தது.

நீ மழையைப் பார்க்கவில்லை. பந்து நனைந்து இரும்புக் குண்டு மாதிரி ஆகிவிட்டது. காற்று எதிர்ப்பக்கம். இரண்டு அணியும் வருஷம் முழுக்க ஆடிக் களைத்துப்போனவர்கள். யாரும் தோற்க விரும்பவில்லை, அவ்வளவுதான். தோற்காமல் ஆடுவது குற்றமா? யாரையும் காலை உடைத்தோமா, அடித்தோமா?

ஜனங்களைப் பற்றி ஜெத்ரோ எல்லாவற்றையும் சொல்லவில்லை போலிருக்கிறது. என் சட்டையின் முன்பக்கம் வெளுப்பாக இருந்தது உண்மை. முதுகை அவர் பார்க்கவில்லை. கோலுக்குப் பின்னால் நின்றவர்கள் ஆட்டம் முழுவதும் என் மேல் காறித் துப்பிக்கொண்டே இருந்தார்கள். வயசான பொம்பளைகள்கூட. புகையிலை எச்சில், அக்கா. கழுத்துக்குள் இறங்கி இடுப்பு வரை வழிந்தது. நான் திரும்பிப் பார்த்தால் என் வாயில் விழும் என்று திரும்பவே இல்லை. எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்த ஹார்ஸ்பிக்காரர்களேதான் இவர்கள். அன்றைக்கு மூன்று தடவை குளித்தேன். இன்னும் மூக்கில் அந்த வாடை இருக்கிறது. உனக்குக் குமட்டுகிறது என்கிறாய், எனக்கு மட்டும் என்ன மணக்கிறதா?

நாடா விஷயம் ஒன்றுமே இல்லை. போன ஆட்டத்தில் கட்டிய பழைய நாடாவாக இருக்கும், யாரும் அவிழ்க்க மறந்திருப்பார்கள். மைதானத்துக் காவல்காரர் தண்ணீர் வைக்கக் கூடையைத் திறந்தபோது ஒன்று பறந்துவிட்டது என்று அவரே சொன்னார். இதை ஊதிப் பெரிதாக்காதே. ஆண்களிடமும் சொல்லிவை.

மச்சானுக்கு என் அன்பு.

உன் தம்பி,
இனாக்

*

கிளவ்டன்
ஏப்ரல் 29

இனாக்,

பழைய நாடாவா?

அந்தச் சாம்பல் பெட்டைக்கு அதுதான் முதல் பயணம். அதற்கு முன் அது நம் கூரையைத் தாண்டிப் போனதே இல்லை. பழைய நாடா எங்கிருந்து வந்தது, முட்டைக்குள்ளிருந்தா? ஜெத்ரோ தன் கையாலேயே இரண்டையும் பிடித்துக் கூடைக்குள் விட்டார். கால் வெறுங்கால். மூன்று நிற நாடாவையும் தனியாகச் சுருட்டி உன் கையில் கொடுத்தாராம்.

பொய் சொன்னால் சொன்னதுதான், அதையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டாமா? என்னை என்ன, ஹார்ஸ்பியில் உங்களுக்குக் கொடி பிடிக்கிறவள் என்று நினைத்தாயா?

திங்கட்கிழமை கெசையா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தறிச் சத்தத்தில் வாயசைவை வைத்துத்தானே நாங்கள் பேசுவோம். நாள் முழுக்க என் பக்கம் திரும்பாமலே நின்றாள், நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கக்கூடாது என்பதற்காக. காஸ்டன் அணி ஆட்களைக் குறைக்கிறதாம். முதலில் வெளியே போகிறவன் அவள் தம்பி.

எச்சில் வாடை போகவில்லை என்று அழுகிறாய். போகாது.

டார்க்கஸ்

*

ஹார்ஸ்பி
மே 2

அக்கா,

சரி. உன்னிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்கிறேன். ஆனால் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

யாரும் எதுவும் பேசி முடிவு செய்யவில்லை. இதை நீ நம்ப வேண்டும். சனிக்கிழமை மதியம் உடை மாற்றும் அறையில் இருந்தோம். கெல்லம் அணித்தலைவன் கதவைத் தட்டி, பூட்ஸுக்குக் கயிறு கிடைக்குமா என்று கேட்டு உள்ளே வந்தான். அவன் பூட்ஸில் புத்தம் புதுக் கயிறு கட்டியிருந்தது, எல்லோரும் பார்த்தோம். எங்கள் தலைவன் டட்டன் அவனோடு ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தான். அவன் போனதும் டட்டன் எங்கள் பக்கம் திரும்பி, "இன்னைக்கு யாரும் சளி புடிச்சுக்காதீங்கப்பா" என்றான். அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று யாரும் என்னைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் வெளியே போய் புறாக் கூடையைக் காவல்காரரிடம் கொடுத்தேன். வழக்கமாக நாடா கட்டிப் பறக்கவிடுவது அவர்தான். மழையில் அவருக்கு விரல் மரத்துவிடும், முடிச்சுப் போட வராது. எப்படியும் வெள்ளைதானே என்று நானே இரண்டுக்கும் கட்டிவிட்டேன். அதில் தப்பு இருப்பதாகவே அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. அவர் கூடையைத் திறப்பார் என்று யார் கண்டது.

இப்போது விஷயம் கேள். காஸ்டன்காரர்கள் லீக்குக்குப் புகார் எழுதிவிட்டார்கள். புறா கதை அவர்கள் காது வரை போயிருக்கிறது. லீக்கிலிருந்து ஒருவர் விசாரிக்க கிளவ்டனுக்கே வருகிறார். எங்கள் கிளப்பை நடத்துகிற லிவர்செட்ஜ் ஐயா என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். உன் அக்காவிடம் சொல், புறா சாயங்காலம்தான் வந்தது, ஆட்டம் முடிந்தபின்தான் வந்தது, அவ்வளவு சொன்னால் போதும் என்றார்.

அக்கா, நீ உண்மையைச் சொன்னால் டட்டனுக்கு ஒன்றும் ஆகாது. அவன் சொன்னது சளியைப் பற்றித்தான். மாட்டப்போவது நாடா கட்டியவன். ஆயுசுக்கும் ஆட விடமாட்டார்கள். நான் திரும்ப மில்லுக்குத்தான் வர வேண்டும், பஞ்சு பிரிக்கிற அறைக்கு. அப்பா அந்த அறையில் பஞ்சைச் சுவாசித்துச் சுவாசித்துக் கடைசியில் என்ன துப்பினார் என்று உனக்குத் தெரியும். கிண்ணத்தைக் கழுவினவள் நீ.

ஒரே ஒரு பொய். எனக்காக.

இனாக்

*

கிளவ்டன்
மே 9, ஞாயிறு

இனாக்,

லீக் மனிதர் வியாழக்கிழமை வந்தார். வந்தது எதில் தெரியுமா? உன் லிவர்செட்ஜ் ஐயாவின் குதிரை வண்டியில். தெரு முழுக்கப் பார்த்தது.

எனக்கு முன்னால் ஆண்களை விசாரித்தார். பின்கட்டில் அன்று நின்ற அத்தனை பேரையும். ஒருவர் கடிகாரம் பார்க்கவில்லை என்றார். ஒருவர் அன்று தான் வரவே இல்லை என்றார், என் கையால் டீ வாங்கிக் குடித்தவர். ஜெத்ரோ தன் செருப்புக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு, வயசாகிவிட்டது, நினைவில்லை என்றார். உன்னைப் பற்றிச் சாராயக்கடையில் காறித் துப்புகிறவர்கள் இவர்கள்தான். ஆனால் நம் ஊர்ப் பையன் முதல் பிரிவில் ஆடுகிறான் என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டுமே. இரண்டும் வேண்டும் இவர்களுக்கு. எனக்கு உன்மேல் இருந்த அருவருப்பு இந்த ஊர்மேலும் வந்துவிட்டது.

அப்புறம் உன் மச்சான். எனக்குப் பக்கத்தில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "நாலே முக்கால் இருக்குங்க, நான்தான் புறாவைப் புடிச்சேன்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். முகம் காது வரை சிவந்துபோனது. உன் கடிதத்தை அவர் படித்திருக்கிறார், நான் அடுப்பில் போடுவதற்கு முன்னாலேயே. உன்மேல் உள்ள பாசத்தால் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நல்ல மனிதனையும் உன் சேற்றில் இழுத்துப் போட்டாய்.

பிறகு லீக் மனிதர் என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன், இனாக். மூன்று மணி அடிக்கவில்லை, வெள்ளை நாடா, என் தம்பி கட்டியது. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கிண்ணத்தை நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். நீ மில்லுக்குத் திரும்பினால் நானே தினமும் உனக்கு மூக்கில் துணி கட்டி அனுப்புவேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆனால் கெசையாவின் தம்பியும் இனி மில்லுக்குத்தான் போக வேண்டும், அவனுக்கும் இருப்பது உன்னுடையதைப் போன்ற நுரையீரல்தான்.

அந்த மனிதர் நான் சுட்ட இஞ்சிக் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார். முடித்துவிட்டு விரலை நக்கினார். "ஏம்மா, அந்தப் புறா வந்து சாட்சி சொல்லுமா?" என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். ஆமோஸும் சிரித்தார், பாவம், என்ன செய்வதென்று தெரியாமல். இத்தனை ஆண்கள் ஒன்று சொல்ல, ஒரு பெண்பிள்ளை வேறு சொன்னால் குழம்பியிருக்கிறாள் என்றுதான் எழுத முடியும் என்றார். மீதிக் கேக்கை வழிக்குக் கட்டித் தரச் சொன்னார்.

கட்டிக் கொடுத்தேன். கைகள் தாமாகச் செய்துவிட்டன. அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆக, உனக்கு ஒன்றும் ஆகாது. சந்தோஷமாக இரு.

டார்க்கஸ்

*

ஹார்ஸ்பி
மே 12

அக்காவுக்கு,

ஊரே எனக்காக நின்றது. ஜெத்ரோ நின்றார், மச்சான் நின்றார். என்கூடப் பிறந்தவள் ஒருத்திதான் என்னைப் பிடித்துக் கொடுத்தாள். லிவர்செட்ஜ் ஐயா அதை எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டினார். வீட்டில் என்ன வளர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

கெசையா தம்பி பெரியவன், நான் சின்னவன். சரி. இனி புறா அனுப்ப வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

இனாக்

*

ஹார்ஸ்பி
செப்டம்பர் 12, ஞாயிறு

அக்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னவனே எழுதுகிறேன். இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. வலது கட்டைவிரல் உடைந்துவிட்டது.

நேற்று எங்கள் மைதானத்தில் முதல் பிரிவு ஆட்டம். கூட்டம் நிரம்பி வழிந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் முன்னால் இருந்தோம். முடியப் போகிற நேரம். அவர்களின் நடு ஆட்டக்காரன் ஆறடி தூரத்திலிருந்து அடித்தான். அப்படி ஒரு அடியை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. நான் எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றேன். எப்படித் திரும்பினேன், எப்படித் தாவினேன் என்று எனக்கே தெரியாது. பந்து கையில் பட்டபோது எலும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. விடவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு சேற்றில் விழுந்தேன். அக்கா, நான் பிறந்ததே அந்த ஒரு பந்தைப் பிடிக்கத்தான் என்று தோன்றியது.

எழுந்தேன். கைதட்டப் போகிறார்கள் என்று நின்றேன். கோலுக்குப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்:

"என்னப்பா, இன்னைக்கு மட்டும் சளி புடிக்கலாம்னு டட்டன் சொல்லிட்டானா?"

யாரோ அந்த அறையில் இருந்தவன்தான் வெளியே சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு. அது பரவி மைதானம் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஜனங்கள், அக்கா. நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம். அந்த நடு ஆட்டக்காரன் என்னருகே வந்து, தான் வேண்டுமென்றே என் கைக்கு நேராக அடித்ததாக இவர்கள் நினைக்கிறார்களே என்று என்னையே முறைத்தான். டட்டனைப் பார்த்தேன். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். அறையில் எலும்பு வைத்தியர் விரலை இழுத்துக் கட்டும்போது லிவர்செட்ஜ் ஐயா எட்டிப் பார்த்தார். குனிந்து என் காதில், "பிரமாதம். யாரோட ஏற்பாடு?" என்றார்.

இராத்திரி தூங்கவில்லை. விரல் வலியால் இல்லை.

யாரோ எதையோ நினைத்துக்கொண்டு போகட்டும். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். எல்லோரும் எனக்காகப் பொய் சொன்னபோது நீ ஒருத்திதான் உண்மையைச் சொன்னாய். அதனால் நீ சொன்னால் அது உண்மை. நான் அந்தப் பந்தைப் பிடித்தேன். நிஜமாகப் பிடித்தேன். நீ நம்புகிறாயா? வேறு எதுவும் எழுத வேண்டாம். அதற்கு மட்டும் ஒரு வரி.

உன் தம்பி,
இனாக்

*

கிளவ்டன்
செப்டம்பர் 15

தம்பி,

கடிதம் வந்தது. ஆமோஸ் வாய்விட்டுப் படித்தார். ஆறடி என்கிற இடம் வந்ததும் எழுந்து நின்று படித்தார். "புடிச்சிருக்கான் டார்க்கஸ், நம்ம பய புடிச்சிருக்கான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் உன்னை எதற்கும் நம்புவார். அது உனக்குப் போதாது என்றும் எனக்குத் தெரிகிறது.

விரலை நனைக்காதே. ஆளி விதையை அரைத்துச் சூடாக வைத்துக் கட்டு. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொள். சேற்றில் விழுந்த சட்டையை இங்கே அனுப்பு, துவைத்துத் தருகிறேன்.

நம்புகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாக உட்காருகிறேன். அப்படியே எழுதிவிட்டால் உனக்கு இன்று இராத்திரி தூக்கம் வரும். எனக்கும் வரும். நீ கேட்டது வெறும் ஆறுதலாக இருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன்; நீ கேட்டது உண்மையை.

நீ அந்தப் பந்தை நிஜமாகப் பிடித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, இனாக்.

உன் அக்கா,
டார்க்கஸ்